24 பிட் தாலாட்டு

போன வாரம் கிளாஸ் முடிந்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நண்பன் ஒருத்தன் பென் டிரைவ் ஒன்றைக் கையில் திணித்தான். "மாப்ளே, எல்லாமே ஹை-ரெஸ். 24 பிட், 192. இதக் கேட்டேன்னா இனிமே எம்பி3 பக்கமே திரும்ப மாட்ட" என்றான். நாகலாபுரம் வந்து சேர்ந்ததும் சாப்பிடக்கூட இல்லாமல் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தேன். பழைய சினிமாப் பாட்டுகள். ஒவ்வொன்றும் 150, 170 எம்பி. முதல் பாட்டே 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை. ஜானகி அம்மா குரலும் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் சேர்ந்து வருமே, அதுதான். காருகுறிச்சியார் கோவில்பட்டியில் வாழ்ந்த மனுஷர், ஊருக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த ஊரில் படிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாளச் சத்தம் மட்டும் தண்ணிக்குள் இருந்து வருவது மாதிரி ஒரு கொழகொழப்பு. எனக்கு அந்தக் கொழகொழப்பை நன்றாகத் தெரியும் (எப்படித் தெரியும் என்று பின்னால் சொல்கிறேன்). சந்தேகம் வந்து ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பைலைத் திறந்தேன். பாட்டில் எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாக வரைந்து காட்டும். படம் வந்தது. 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினது மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கருப்பு. சுத்தக் கருப்பு. எங்கள் ஊர்க் கரிசலில்கூட அங்கங்கே சுண்ணாம்புக்கல் தெரியும்.

ஆக யாரோ ஒரு புண்ணியவான் 4 எம்பி இருந்த 128 கேபிபிஎஸ் எம்பி3-யை எடுத்து, கன்வர்ட்டரில் போட்டு, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் என்று சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார். பைல் நாற்பது மடங்கு வீங்கிவிட்டது. பாட்டு அதே பாட்டு.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். பி.காம் படிக்கிறவனுக்குத்தான் இது சட்டென்று புரியும். ஒரு பில் தொகை 1347.68 ரூபாய் என்று வையுங்கள். யாரோ ஒருவர் அதை நூறுக்கு ரவுண்ட் ஆஃப் செய்து 1300 என்று எழுதிவிட்டு, பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டார். நான் வந்து, "பைசா சுத்தமாக வேண்டும்" என்று 1300.00 என்று எழுதுகிறேன். இன்னொருவர் அதையும் மிஞ்சி 1300.0000 என்கிறார். புள்ளிக்குப் பின்னால் எத்தனை பூஜ்ஜியம் போட்டாலும் அந்த 47 ரூபாய் 68 பைசா வருமா? சின்ன பைலைப் பெரிய பார்மட்டுக்கு மாற்றுவது என்பது இந்தப் பூஜ்ஜியம் போடும் வேலைதான். முதல் வருஷத்துப் பையன் செய்தால்கூட ஆடிட்டர் குட்டுவார். பாட்டு விஷயத்தில் மட்டும் "ரீமாஸ்டர்டு" என்று பெயர் வைத்து பார்வர்டு செய்கிறோம்.

சரி, அந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்? ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை தடவை அளந்து எழுதுகிறோம் என்பது கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது பிட். சிடியில் நொடிக்கு 44,100 தடவை, 16 பிட். அளக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள அலைவரிசைதான் பைலுக்குள் பதியும். அதனால் சிடியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் உண்டு. மனுஷக் காதுக்கு நல்ல வயசில் 20 வரை கேட்கும், வயசாக ஆகக் குறையும். 192-ல் பதிந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் இருக்கும். வௌவாலுக்கு உதவலாம். 16 பிட்டில் மிகச் சின்னச் சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவில் சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144.

இனிமேல் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. மிளகாய் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் வாங்கினதாம். எதைப் பார்த்தாலும் பதிவு செய்வார். கோயில் கொடை, கல்யாண மேளம், பஞ்சாயத்துச் சண்டை, மழை. (கரிசக்காட்டில் மழையைப் பதிவு செய்து வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்து எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.) மொத்தம் பதினாலு கேசட், எல்லாம் 60 நிமிஷக் கேசட். அதில் ஒன்றில் எங்கள் அப்பத்தா, அத்தையின் மூத்த பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியது இருந்தது. பத்து நிமிஷத்துக்கும் மேல் வரும். கட்டில் சங்கிலிச் சத்தம்கூடக் கேட்குமாம்.

2009-ல் அப்பா அந்தப் பதினாலையும் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றச் சொன்னார். கடைக்காரர் கேட்டிருக்கிறார்: "ரெண்டு சிடி ஆகும். ஒண்ணுலயே அடக்கணும்னாலும் அடக்கலாம், என்ன செய்ய?" அப்பா ஒன்றே போதும் என்றுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பதினாலு மணி நேரம், அதாவது 840 நிமிஷம். 128 கேபிபிஎஸ் என்றால் நிமிஷத்துக்கு 0.96 எம்பி, மொத்தம் 806 எம்பி. ஒரு சிடியில் 700-தான் கொள்ளும். ஆகவே 64-ல் போட்டுவிட்டார். 403 எம்பி, தாராளமாக அடங்கியது. கேசட்டுகள் பழைய இரும்புக்காரரிடம் போயின. அப்பத்தா 2011-ல் இறந்துபோனது.

மிச்சமானது ஒரு வெற்று சிடியின் விலை.

அந்தத் தாலாட்டை நான் இப்போது கேட்டால் அப்பத்தா குரல் கேட்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு விடும் இடங்களிலெல்லாம் அந்தக் கொழகொழப்பு. "ச" வரும் இடமெல்லாம் "ஷ்வ்வ்" என்று கரைகிறது. சங்கிலிச் சத்தம் வெறும் ஈரச் சத்தமாக இருக்கிறது. ஸ்பெக்கில் பார்த்தால் 11 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. எம்பி3 என்பது காதுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதை எல்லாம் தூக்கிப் போட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிற முறை. 64-ல் இடம் பத்தாமல், தெரியும் என்பதையும் தூக்கிப் போட்டுவிடும். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதை 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக்காக மாற்றிப் பார்த்தவன் நான். காலையில் கேட்டபோதுதான் 1300.00 என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. அதனால் அந்தப் பென் டிரைவ் நண்பனைக் கிண்டல் செய்ய எனக்கு முழு உரிமை இல்லை.

நான் சொல்ல வருவது ஹை-ரெஸ் ஏமாற்று என்பது அல்ல. நாம் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம் என்பது. கேட்கும் இடத்தில் 192 வேண்டும் என்று அடம் பிடிக்கிறோம், அங்கே அதற்கு வேலையே இல்லை. பதிவு செய்யும் இடத்தில், மூலத்தை வைத்துக்கொள்ளும் இடத்தில், "இது போதும்ப்பா" என்று சுருக்கிவிடுகிறோம். அங்கேதான் அது வேண்டும்.

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாஸா, பழைய நாடாக்களையும் தட்டுகளையும் டிஜிட்டல் ஆக்க வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது அவர்கள் கணக்கு, 96 பரவலாக நடைமுறையில் இருக்கிறது. கேசட்டுக்கு 24 பிட் எதற்கு என்று கேட்டால் கேள்வி நியாயமானதுதான். சாதாரணக் கேசட்டின் இரைச்சலைப் பார்த்தால் 9 பிட்டுக்கு மேல் உள்ளே விஷயம் இல்லை. ஆனால் பதியும்போது சத்தம் எங்கே திடீரென்று ஏறும் என்று நமக்குத் தெரியாது. தவில்காரர் ஒரு அடி ஓங்கிப் போட்டால் உச்சியில் இடித்து ஒலி உடைந்துவிடும். 24 பிட் என்றால் அளவைத் தைரியமாகக் குறைத்து வைத்துப் பதியலாம், பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம். பின்னால் இரைச்சல் நீக்கும் வேலைக்கும் கை நீட்ட இடம் இருக்கும்.

மூலத்தைச் சுருக்காமல் வைக்கிற புத்தி எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற எட்டயபுரத்தில்தான் சுப்பராம தீட்சிதர் 1904-ல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளை வெறும் ஸ்வரமாக எழுதியிருந்தால் பாதி வேலைதான். ஸ்வரத்துக்கு ஸ்வரம் எப்படி அசைக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறி போட்டு எழுதினார். பாட்டைக் காகிதத்துக்கு மாற்றுவதும் ஒரு பார்மட் மாற்றம்தானே. எழுதினால் எது விழுந்துபோகும் என்று தெரிந்து, அதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். "புத்தகம் பெரிசாகுதே, கமகத்தை விட்ருவோம்" என்று அவர் நினைக்கவில்லை.

இப்போது வீட்டில் கேட்கும் விஷயம். எங்கள் வீட்டு முன்னறையில் மின்விசிறி கடகடக்கும். ஜன்னலுக்கு வெளியே ஆடு. மாசி பங்குனி வந்தால் ஏதாவது ஒரு கோயிலில் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். இந்தச் சத்தத்துக்கு மேல் 96 டெசிபல் ஏற்றிக் கேட்டால் காது போய்விடும், பக்கத்து வீட்டு மதினி சண்டைக்கு வரும். 144 டெசிபலுக்கு எங்கே போவது? அதோடு நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்பது புளூடூத்தில். போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும்போதே எஸ்பிசி, ஏஏசி என்று ஏதோ ஒன்றில் மறுபடியும் சுருக்கித்தான் போகிறது. எல்டாக் என்று பெருமையாகச் சொல்வதும் 990 கேபிபிஎஸ்ஸில் சுருக்குவதுதான். 192 பைலை வாங்கி புளூடூத்தில் கேட்பது டிராக்டரில் ஏற்றிய தண்ணியைச் செம்பில் மொண்டு குடிப்பது மாதிரி.

"இல்ல மாப்ளே, காதுக்கு வித்தியாசம் தெரியுது" என்பவர்களுக்கு. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் ஒலியை அப்படியே ஒரு தடவை, நடுவில் 16 பிட் 44.1 வழியாக விட்டு ஒரு தடவை. எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி. காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும்: 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் இது மாதிரி பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, சிறிய அளவில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது, பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்றார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி. பாஸ் மார்க்தான். ஆனால் அந்த இரண்டே கால் சதவீதத்துக்காக நம் ஹார்டு டிஸ்க்கை நிரப்ப வேண்டுமா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

நானும் தம்பியை வைத்துச் சோதித்தேன். 24 பிட் 96-ல் நானே பதிந்த ஒன்றையும், அதையே 16 பிட் 44.1 ஆக மாற்றியதையும் அவன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டான். இருபதில் பதினொன்று சொன்னேன். அப்பத்தா பைல் மாதிரி 64 எம்பி3 ஆக்கிப் போட்டபோது இருபதுக்கு இருபது.

காசு கொடுத்து வாங்கும் ஹை-ரெஸ் ஆல்பம் சில சமயம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதே என்றால், இருக்கும். பெரும்பாலும் காரணம் எண் அல்ல, அதை மெனக்கெட்டு மாஸ்டரிங் செய்திருப்பார்கள், சத்தத்தை ஒரேயடியாக ஏற்றி நசுக்கியிருக்க மாட்டார்கள். அதை ஒழுங்காக 16 பிட்டாக மாற்றினாலும் அதே நன்மை இருக்கும். மேயரும் மோரனும்கூட இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வீட்டில் செய்வது இவ்வளவுதான். மூலம் எந்த வடிவில் வந்ததோ அந்த அளவிலேயே ஃப்ளாக்காக வைத்துவிடுவேன். ஃப்ளாக் 2001-லிருந்து இருக்கிறது, இலவசம், ஒரு பிட் கூடக் குறையாது. 0-விலிருந்து 8 வரை லெவல் கேட்கும். 8 போட்டால் தரம் குறையும் என்று என் வகுப்பிலேயே ஒருத்தன் பயந்துகொண்டு 0 போடுகிறான். பைல் அளவும் மாற்றும் நேரமும்தான் மாறும், ஒலி மாறாது. ஆப்பிள்காரர்கள் அலாக் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அப்படித்தான். ஃப்ளாக்கிலிருந்து அலாக், அலாக்கிலிருந்து வேவ் என்று நூறு தடவை மாற்றினாலும் ஒன்றும் விழாது. எம்பி3-யிலிருந்து ஏஏசி, ஏஏசியிலிருந்து மறுபடி எம்பி3 என்று மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. போனுக்கும், பென் டிரைவ் மட்டும் படிக்கும் பழைய செட்டுக்கும் மூலத்திலிருந்து நேராக எம்பி3 எடுத்துக்கொள்வேன். 24-ஐ 16 ஆக்கும்போது மட்டும் டிதர் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ரவுண்ட் ஆஃப் பிழை ஒரே பக்கம் சேர்ந்து கரகரப்பாகத் தெரியாமல் மெல்லிய இரைச்சலாகப் பரவிவிடும். ஃபூபார், ஃப்ரீஏசி, எஃப்எஃப்எம்பெக் எதில் செய்தாலும் ஒன்றுதான்.

1999-ல் எஸ்ஏசிடியோடு வந்த டிஎஸ்டி என்று ஒரு ஜாதி உண்டு. ஒரே ஒரு பிட், நொடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் தடவை. அதை நம் சாதனங்களில் கேட்க 88.2 ஆக மாற்றினால் 32-ஆல் சரியாக வகுபடும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் நிறைய இரைச்சல் ஒதுங்கிக் கிடக்கும், மாற்றும்போது வடிகட்டிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் டிஎஸ்டி வைத்திருப்பவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை, ஆகவே இதோடு விடுகிறேன்.

தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் புதூர் போயிருந்தேன். பேச்சுவாக்கில் தாத்தா கேசட் பற்றிச் சொன்னபோது அத்தை எழுந்துபோய் பீரோவைத் திறந்து பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தது. பதினைந்தாவது கேசட்! 1996 கோயில் கொடை மேளம். "எங்கய்யா எனக்குன்னு குடுத்தது, உங்கப்பன்ட்ட நான் சொல்லல" என்றது.

ஒரு பழைய டெக்கைக் கடன் வாங்கினேன். ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். முதலில் மந்தமாகத்தான் கேட்டது, நாதஸ்வரம் போர்வைக்குள் வாசித்தது மாதிரி. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். ஹெட்டின் சாய்வைச் சரி செய்வது அது. ஓடும்போதே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் சட்டென்று போர்வை விலகினது மாதிரி சீவாளிச் சத்தம் முகத்தில் அடித்தது. எந்தக் கன்வர்ட்டரும் எந்த 192-ம் தராததை அந்தத் திருகாணி கால் சுற்றில் தந்தது. 24 பிட், 96-ல் இரண்டு பக்கமும் பதிந்தேன். வேவ் பைலாக இரண்டு ஜிபி. அந்தப் பதினாலு கேசட்டையும் இதே மாதிரி பதிந்திருந்தால்கூட 29 ஜிபிதான். இன்றைக்கு ஒரு 32 ஜிபி பென் டிரைவ்.

பி பக்கம் முடிகிற இடத்தில் மேளம் நின்றுபோய் கொஞ்ச நேரம் கூட்டத்துச் சலசலப்பு. பிறகு மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் அப்பத்தா குரல்: "போதும், அமத்துங்க. பேட்டரிக்குக் காசு யாரு குடுப்பா?" தாத்தா சிரிக்கிறார். டக்.

"ச" எல்லாம் "ச" ஆகவே இருந்தது.

அத்தைக்கு அதை மட்டும் வெட்டி எம்பி3 ஆக்கி போனில் அனுப்பினேன். போன் ஸ்பீக்கரிலேயே நாலைந்து தடவை கேட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் போன்ல வந்திருச்சே, இந்தக் கேசட்ட இனி என்னடா செய்ய?" என்றது.

"பீரோலயே இருக்கட்டும் அத்த" என்றேன்.